குப்பையாய் வந்தது

நாலாயிரத்து இருநூற்றுப் பதினெட்டில் முன்னூற்றுச் சொச்சம் வந்திருந்தது. திரையின் நடுவில் ஒரு பச்சைக் கோடு, அரிசிப் புழு அளவுக்கு நீண்டு, அங்கேயே நின்றது. நகர்கிறதா நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள ரஞ்சிதம் கோட்டின் நுனிக்கு நேரே திரைச் சட்டத்தில் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்தாள். கோடு நகத்தைத் தாண்டவில்லை. போன வாரம் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கும் பியூலா வந்து, எல்லாவற்றையும் துடைத்து, புதிதாய்ப் போட்டு, பழைய டிஸ்கை ஒரு நீலப் பெட்டியில் வைத்து ஒயரால் கோத்து, அதிலிருந்து பழைய மெயில்களை இழுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் பெண். மூக்கின் நுனிக்கு வழிந்துவிடும் கண்ணாடி. "ஒண்ணொண்ணாத்தான் மேடம் உள்ள வரும். முறைச்சிப் பாத்தா பயந்துபோய் நின்னுரும், நீங்க பாட்டுக்கு வேலயப் பாருங்க" என்றாள். ரஞ்சிதத்துக்கு என்ன வேலை இருக்கிறது. மணி பதினொன்று. நாலு மணிக்கு மங்கை வருகிறாள். அதற்குள் ஒரு கடிதம் வேண்டும். நாலாயிரத்தில் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் டிஸ்கோடு எரிந்து போனாலும் அவளுக்குக் கவலை இல்லை. அந்த ஒன்றை அச்செடுத்து, வளையாத வெள்ளைத் தாளில், தங்கச்சியின் முன்னால் மேஜைமேல் வைக்க வேண்டும். வைத்துவிட்டு ஒன்றும் பேசக்கூடாது. பேசாமல் இருப்பது எப்படி என்று நேற்று ராத்திரியிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. தாளை வைப்பது, இடது கையால் ஓரத்தை நீவிவிடுவது, நாற்காலியில் சாய்ந்துகொள்வது. அவ்வளவுதான். கோர்ட்டில் பெரிய வக்கீல்கள் சான்றாவணத்தை நீட்டிவிட்டு அப்படித்தான் சாய்வார்கள், ஜன்னலில் காக்காயைப் பார்க்கிற மாதிரி.

நேற்றைக்குத்தான் அந்தக் குரல் போனில் வந்தது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு. "யக்கா, நான் மங்கை பேசுதேன். முருகவேள் அண்ணன் பேத்தி கல்யாணத்துக்கு வந்திருக்கோம். நாளைக்கு நாலு மணிக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்." ஒரு எட்டு. நாற்பது வருஷம் நாக்பூரில் இருந்தும் பேச்சு மட்டும் பாளையங்கோட்டையை விட்டு நகரவில்லை. வா என்று ரஞ்சிதம் சொன்னாளா? சரி என்றாள். சரி வேறு, வா வேறு. வா என்றுதான் அன்றைக்கே எழுதியிருந்தாளே. அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா. அந்தக் கடிதத்தில் இரண்டே செய்தி, ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் தட்டச்சு செய்தவள், சாட்சி சொன்னதில் ஒரு புள்ளி கூட்டாமல் குறைக்காமல் அடித்தவள், தன் கடிதத்தில் என்ன அடித்தாள் என்று அவளுக்குத் தெரியாதா? திரும்ப எடுத்துப் படிக்கவேண்டிய அவசியமே வந்ததில்லை. மனப்பாடம். உடனே வா. படித்தாள், வரவில்லை. அம்மா ஆறு நாள் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்து, ஏழாம் நாள் விடியும் நேரத்தில் போனாள். எல்லாம் முடிந்த பிறகு பெரியப்பா மகன் முருகவேள் போன் பண்ணிச் சொல்ல, ஊரெல்லாம் மங்கை சொன்னது: அக்கா எனக்கு ஒரு வார்த்தை தெரிவிக்கலை. ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை பதினெட்டு வருஷமாய் உறவுக்காரர்கள் வாயில் பல்லுக்கிடையில் மாட்டிய பாக்குத் துணுக்கு மாதிரி இருந்தது. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், கோயில் பிராகாரத்தில் யாராவது ஒருத்தி துழாவி எடுப்பாள். நீ சொல்லியிருக்கலாம்லா ரஞ்சிதம், என்ன இருந்தாலும் பெத்த தாயில்லா. கலியாணம் ஆகாதவள், அம்மாவோடு ஒட்டிக்கிடந்தவள், கடைசிப் பார்வையையும் தனக்கே வைத்துக்கொண்டாள் என்று சொல்லாமல் சொல்வார்கள். எழுதினேன் என்பாள் ரஞ்சிதம். ம் என்பார்கள். அந்த ம்-முக்கு எந்தக் கோர்ட்டிலும் மறுப்பு மனு போட முடியாது.

எண்ணூற்று நாற்பது. கோடு கட்டைவிரல் நீளம் ஆகியிருந்தது. வெளியே முருங்கைக்காய்க்காரன் கத்திக்கொண்டு போனான். அம்மாவுக்கு முருங்கைக்காய் என்றால் உயிர், நாக்பூரில் கிடைக்காது என்று போகும்போது ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனாள், ரயிலில் நாலு பேர் சிரித்திருப்பார்கள். நாற்பத்திரண்டு நாள் இருந்தாள் அங்கே. ஆறு மாசம் இருக்கட்டும் என்று சொல்லிக் கூட்டிப் போன மங்கை நாற்பத்திரண்டாம் நாள் தெரிந்தவர்கள் யாரோடோ ரயிலேற்றிவிட்டாள். வந்திறங்கிய அம்மாவின் கையில் ஆரஞ்சு பர்பி ஒரு டப்பா, மூட்டு வீங்கிய கால், அதே பெட்டி. ஏன் வந்துட்டே என்றால், "அங்க எல்லாரும் இந்தில சிரிக்காங்க, எனக்கு எங்க சிரிக்கணும்னு தெரியல" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை ரஞ்சிதம் தானாகவே நிரப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை முகம் சுளித்திருப்பார், மங்கை பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருப்பாள், சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான், தனக்கு வேண்டாததைப் படிக்கத் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொள்வாள். அப்பா பள்ளிக்கூடத்துக்குத் தந்தனுப்பும் லீவு லெட்டரை அக்காவை வாசிக்கச் சொல்வாள், எனக்கு அப்பா எழுத்து புரியல யக்கா என்று. புரியாமல் இல்லை. அதில் பொய் இருந்தால் அது அக்காவின் வாயிலிருந்து வரட்டும் என்று. அம்மா வந்திறங்கிய ராத்திரியே போன் போட்டு ரஞ்சிதம் கேட்டாள், பெத்தவளைப் பார்சல் பண்ணி அனுப்பிட்டியா என்று. பார்சல் என்ற சொல் கம்பி வழியாக நாக்பூர் வரைக்கும் போய்ச் சேர்ந்த சத்தம் காதில் விழுந்தது. இனி இந்தப் போனைத் தொடமாட்டேன் என்று வைத்தவள்தான். அதனால்தான் கடிதம். அதனால்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்த அரைமணி நேரத்தில் போனைத் தாண்டிப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "மேடம், டீ குடிக்கலாமா? கேக்கறதுக்கு வெக்கமாத்தான் இருக்கு" என்றாள் பியூலா. போட்டுக் கொடுத்தாள். பியூலா ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்படி என்ன மெயில் மேடம், பென்ஷன் ஆர்டரா" என்றாள். "என் தங்கச்சிக்கு எழுதினது." "பாசமா எழுதினதா?" ரஞ்சிதம் பார்வையைத் திரைக்குத் திருப்பினாள். பியூலா தலையை ஆட்டி, "எனக்கும் ஒரு தங்கச்சி உண்டு, தூத்துக்குடில. நாங்க வாட்ஸாப்ல அடிச்சிக்கிடுவோம். சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றாள்.

இரண்டாயிரம் தாண்டியபோது மின்விசிறி நின்று, ஒரு நிமிஷம் இரண்டு பேருமே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பியூலா கொண்டுவந்திருந்த பேட்டரிப் பெட்டி கீச்சென்றது, கோடு நிற்கவில்லை. மறுபடி விசிறி சுற்றிய சத்தத்தில் பதினாறாம் நாள் விசிறி ஞாபகம் வந்தது. வாடகைக்கு எடுத்தது, ஒரு இறக்கை லொடலொடவென்று. கூடம் முழுக்க ஆட்கள், வாழையிலை, எள்ளுருண்டை வாசனை, மங்கை வாசல்படியில். நாக்பூரிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்த முகம். ரஞ்சிதம்தான் முதலில் கேட்டாள், எல்லாருக்கும் கேட்கட்டும் என்றே கேட்டாள், எழுதினேனே, படிச்சியா இல்லியா? மங்கை அவளையே பார்த்துவிட்டுச் சொன்னாள், "குப்பையத்தானே அனுப்பினே." குப்பை. அந்தக் கூடத்தில், அம்மா படத்துக்கு முன்னால், மாலை வாடுவதற்கு முன்பே. குப்பைதான் வந்துச்சு யக்கா, நான் என்ன செய்ய, என்று இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். ரஞ்சிதம் அடுக்களைக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது மங்கைக்குப் போட்ட இலை அப்படியே இருந்தது, தண்ணீர் தெளித்த துளிகளோடு, ஆள் இல்லை. அன்றையிலிருந்து அந்தச் சொல் வீட்டில் குடியேறிவிட்டது. காலையில் தெருவில் வண்டி வந்து மணியடித்து அந்தச் சொல்லைக் கூவும்போதெல்லாம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். தமிழ் படித்தவள் அவள், தபாலில் எம்.ஏ. வரைக்கும். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று பக்கம் பக்கமாய் எழுதி மதிப்பெண் வாங்கியவள். அந்தச் சொல்லுக்கு மட்டும் ஒரே பொருள்தான் எடுத்தாள். அம்மாவின் கடைசிச் செய்தி அவளுக்குக் குப்பை. அக்கா எழுதியது குப்பை. அக்காவே குப்பை. அப்படியே படிப்படியாய்ப் போய் அந்தச் சொல் ஒரு கிணறு ஆகிவிட்டது. குனிந்து பார்த்தால் தன் முகம்தான் தெரியும், ஆனாலும் தினம் குனிந்து பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை.

ஒன்றரை மணிக்கு முடிந்தது. பியூலா எதையோ தட்ட, இடப்பக்கம் மரம்போலக் கிளை கிளையாக விரிந்தது. அலுவலகம், பென்ஷன், வாசகர் வட்டம், அனுப்பியவை, பழையது. வருஷத்தைச் சொன்னாள் ரஞ்சிதம், மாசத்தைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள், கிழமையையும் சேர்த்துச் சொன்னாள். குரல் கோர்ட்டில் பேசுகிற குரலாக மாறியிருந்தது அவளுக்கே கேட்டது. பியூலா கீழே கீழே உருட்டிக்கொண்டே போய் நின்று, திறந்து, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "ஐயோ மேடம்," என்றாள், "எல்லாம் குப்பையா வந்திருக்கு." ரஞ்சிதத்தின் கை, மேஜை விளிம்பைப் பிடித்தது. என்ன சொன்னே என்றாள். பியூலா பயந்துவிட்டாள். "இல்ல மேடம், மெயில் கெட்டுப்போகல. பழைய ஃபான்ட்ல அடிச்சிருக்கீங்க, அந்தக் காலத்துல எல்லாரும் அதுலதான அடிப்போம். புதுசாப் போட்டதுல அந்த ஃபான்ட் போயிட்டு. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்தா இப்படித்தான் குப்பை குப்பையா வரும். நாங்க கடையில அப்படித்தான் சொல்லுவோம், குப்பை வருதுன்னு." திரையில், அவளுடைய கடிதம் இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்துகள் எறும்பாய் மொய்த்திருந்தன. mk;khTf;F Kbatpy;iy. அதற்குக் கீழே இன்னும் எட்டு வரி. எங்கும் ஒரு தமிழ் எழுத்து இல்லை. குப்பைதான் வந்துச்சு யக்கா, நான் என்ன செய்ய. பதினெட்டு வருஷத்துக்கு முந்திய வாசல்படியிலிருந்து அந்த வாக்கியம் எழுந்து வந்து, இந்தமுறை நிதானமாக, கடைசிவரைக்கும், ஒரு சாட்சி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நின்றது. வந்துச்சு என்றாள். எழுதியது குப்பை என்று சொல்லவில்லை, வந்தது குப்பை என்று சொன்னாள். எத்தனை சாட்சிகளின் வாயிலிருந்து வேற்றுமை உருபு தவறாமல் எடுத்து அடித்திருக்கிறாள். தங்கச்சி வாயிலிருந்து வந்ததில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்புறம் உள்ளுக்குள் ஒரு குரல், மெல்ல, எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி எழுந்தது: சரி, படிக்க முடியவில்லை, அதை அவள் அப்போதே கேட்டிருக்கலாமே, என்ன அனுப்பியிருக்கிறாய் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. அந்த நியாயத்தைப் பற்றிக்கொண்டு ரஞ்சிதம் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மேடம், இங்க மங்கைனு ஒரு ஃபோல்டர் இருக்கே, பழையதுக்கு உள்ள," என்றாள் பியூலா. "பக்கத்துல இருபத்திமூணுன்னு காட்டுது பாருங்க, அத்தனையும் நீங்க தொறக்காதது."

அந்த ஃபோல்டரை அவள்தான் செய்தாள். எப்படி மறந்தாள்? மறக்கவில்லை, கிளையை மடக்கி, மடக்கியதை இன்னொன்றுக்குள் போட்டு, அதையும் மடக்கி வைத்தாள். கோர்ட்டில் எழுத்தர் சந்தானம் சொல்லிக்கொடுத்த வித்தை, வேண்டாத ஆளிடமிருந்து வருவது கண்ணில் படாமலே நேராக ஒரு ஃபோல்டருக்குப் போய் விழும்படி விதி போடுவது. விதி என்றுதான் சந்தானமும் சொல்வான், சிரிப்பான். விளம்பரங்களுக்காகக் கற்றுக்கொண்டது. இப்போது விரிந்த பட்டியலில் இருபத்துமூன்று வரிகள் தடித்த எழுத்தில், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு வரி மெலிந்த எழுத்தில். திறந்து படித்ததென்றால் மெலிந்துவிடும் என்றாள் பியூலா, கேட்காமலே. மெலிந்ததன் தேதி, கடிதம் போன மறுநாள். அம்மா அப்போது இருந்தாள். அதை அழுத்துவதற்கு முன்பே அதில் என்ன இருக்கிறது என்று ரஞ்சிதத்துக்குத் தெரிந்துவிட்டது. குளித்த ஈரம் முதுகில் ஒட்ட, கையில் அம்மாவுக்கு மாற்றுப் புடவை வைத்த பையோடு, நின்றுகொண்டே அவள் அதைப் படித்த அந்த மத்தியானம் முழுசாக வந்து நின்றது. மங்கை ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தாள். யக்கா, உன் மெயில் பூரா குப்பையா வந்திருக்கு. இங்க கம்ப்யூட்டரைத் துடைச்சுப் புதுசாப் போட்டதுல தமிழ் போயிடுச்சு. இங்கிலீஷ்ல அடிச்சு அனுப்பு. எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல? அவ்வளவுதான். அம்மா மூச்சுக்கு இழுக்கிறாள், இவளுக்கு இங்கிலீஷ் கேட்கிறது என்று நினைத்தாள் அன்றைக்கு. அப்பா எழுத்து புரியல யக்கா. நடிக்கிறாள். வர மனசில்லாமல் நடிக்கிறாள். நின்ற நிலையிலேயே, பையைக் கீழே வைக்காமல், ஒற்றைக் கையால் விதியைப் போட்டாள். பதினைந்து தட்டுகூட இருக்காது. அதே பதினைந்து தட்டில் அம்மா சீரியஸ் என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கலாம், இன்னும் குறைவுதான் ஆகும், விரல் கணக்கு அவளுக்குத் தெரியாதா? அடுத்ததைத் திறந்தாள். வீட்டுக்குப் போன் அடிச்சு அடிச்சுப் பாக்கேன், யாரும் எடுக்கல, அம்மா நல்லா இருக்காளா, ஒரு வார்த்தை போடு. அதற்கடுத்தது ஒரே ஒரு சொல், கோபமா. எண் இருபத்தொன்று ஆயிற்று. மீதியைத் திறக்கக் கை வரவில்லை. தலைப்புகளே போதுமாயிருந்தன. திதி என்னைக்கு வருது. அம்மா படம் ஒண்ணு வேணும். பொங்கல். யக்கா. யக்கா. உடம்புக்கு. கடைசி எழுதி ஐந்து வருஷம் போயும் விதி மட்டும் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பியூலா நாசூக்கானவள், எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் தன் கடிதத்துக்குத் திரும்பினாள். அதில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அவள் கூப்பிட்டாள், அது உண்மை. படிக்க முடிந்ததோ இல்லையோ, உடனே வா என்று அந்தக் குப்பைக்குள் இருக்கிறது. அதையாவது கண்ணால் பார்க்கவேண்டும். விரல்களை விசைப்பலகைமேல், அழுத்தாமல், வைத்தாள். பதினெட்டு வயதில் தட்டச்சுப் பள்ளியில் யளனக, யளனக என்று பக்கம் பக்கமாய் அடித்த விரல்கள். அந்தப் பழைய ஃபான்ட்டும் அதே வரிசைதான். எந்த ஆங்கில எழுத்துக்குக் கீழே எந்தத் தமிழ் எழுத்து ஒளிந்திருக்கிறது என்று மூளைக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கண் ஆங்கிலத்தைப் பார்க்க, விரல் அந்தக் கட்டைமேல் போய் நிற்க, நின்ற இடம் தமிழாயிற்று. எம், அ. கே, ம. அரைப்புள்ளி, மேலே புள்ளி. மறுபடி கே, பக்கத்தில் எச், மா. அம்மா. அம்மாவுக்கு முடியவில்லை. குருட்டுப் பெண் முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாய்த் தடவினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. நீ பார்சல் பண்ணி அனுப்பிய உடம்புதான். நாற்பத்திரண்டு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாதவளிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. இது எழுதியிருந்தாளா? எழுதியிருந்தாள். இப்படியே ஐந்தாறு வரி. இருக்கட்டும், கோபம் இருக்கத்தானே செய்யும், கடைசி வரிக்கு வந்துவிட்டால் போதும். உடனே வா. வா என்றால் டி, எச். விரல் டி-யின்மேல் போய் நின்று எச்-சுக்குக் காத்திருந்தது. திரையில் டி-க்குப் பிறகு பெரிய யு இருந்தது. ரு. மறுபடி டி. tUtJk; tuhjJk; cd; tpUg;gk;. வருவதும் வராததும் உன் விருப்பம். அதற்குப் பிறகு அவள் பெயர்கூட இல்லை. மறுபடி முதலிலிருந்து தடவினாள், எங்காவது விட்டுப்போயிருக்கும் என்று. டி, எச் சேர்ந்து அந்தக் கடிதத்தில் எந்த இடத்திலும் வரவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சாட்சியின் வாக்குமூலத்தையும் திருத்தாதவள், தன்னுடையதை எந்த ராத்திரியில், எத்தனாவது தடவை சொல்லிக்கொள்ளும்போது திருத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திருத்தியவள் நன்றாகத்தான் திருத்தியிருக்கிறாள். அடித்தல் இல்லை, மேலெழுதல் இல்லை.

"கடைல பழைய சிடி கிடக்கு மேடம், அந்த ஃபான்ட் இருக்கும். போட்டா சரியாயிரும், உங்க தங்கச்சி படிக்கலாம்" என்றாள் பியூலா. வேண்டாம், இப்படியே ஒரு பிரதி எடு என்றாள் ரஞ்சிதம். பியூலா ஒருமுறை பார்த்தாள், எடுத்துக் கொடுத்தாள், நீலப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு, செருப்பை மாட்டும்போது, "ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா மேடம்" என்றாள். இல்லை, சரியாத்தான் சொன்னே. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ரஞ்சிதம் அந்தத் தாளோடு இருந்தாள். சுடச்சுட வந்த தாள் மெதுவாக ஆறியது. கிழித்துவிடலாம். கிடைக்கவில்லை என்று சொல்லலாம், டிஸ்க் போய்விட்டது, யார் கேட்கப்போகிறார்கள்? அல்லது குப்பையாகவே நீட்டி, வா என்று எழுதியிருந்தேன், உனக்குப் படிக்க வரவில்லை என்று சொல்லிவிடலாம், உலகத்தில் இதைத் தடவிப் படிக்க அவளைத் தவிர ஆள் இல்லை. நாலு மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது வெளிக்கதவின் கொண்டி தட்டியது. மங்கை தனியாக வந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை, சாயம் போடவில்லை. வாசல்படியில் வலது காலைச் சற்று அதிகமாகத் தூக்கி வைத்தாள், அம்மா தூக்கி வைப்பதுபோல. உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். "வீடு அப்படியே இருக்கு, நீதான் சுருங்கிட்டே" என்றாள். ரஞ்சிதம் தாளை மேஜைமேல் வைத்தாள். இடது கையால் ஓரத்தை நீவவில்லை, சாய்ந்து உட்காரவில்லை. மங்கை பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டி, குனிந்து, வெகுநேரம் பார்த்தாள். "இதேதான்" என்றாள். "இந்தா, இந்த மூணாவது வரில ஒரு கொக்கி வருது பாரு, இதுகூட ஞாபகம் இருக்கு. ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய் நாலு பேர்ட்டக் காட்டினேன். இது எந்த பாஷைன்னு கேட்டாங்க." தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள், "என்னதான் யக்கா எழுதியிருந்தே?"

சின்ன வயசில் லீவு லெட்டரை நீட்டிக்கொண்டு நின்ற அதே முகம். அக்கா வாயிலிருந்து வரட்டும் என்று. ரஞ்சிதத்தின் நாக்கில் வா என்ற எழுத்து ஏற்கெனவே தயாராக இருந்தது, பதினெட்டு வருஷம் உருட்டி உருட்டி வழுவழுவென்று ஆன கூழாங்கல். விரலைத் தாளில் வைத்தாள். முதல் வரியிலிருந்து, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், கோர்ட்டில் சாட்சிக்கு வாசித்துக் காட்டுகிற ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்தாள். பார்சலை வாசித்தாள். நாற்பத்திரண்டு நாளை வாசித்தாள். வருவதும் வராததும் உன் விருப்பம் என்பதை வாசித்துவிட்டு, அவ்வளவுதான் என்றாள். அப்புறம், நீ எழுதினதை நான் படிக்கல மங்கை, இன்னைக்குத்தான் என்று தொடங்கிப் பாதியில் விட்டாள். மங்கை காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றி மடக்கிக்கொண்டிருந்தாள், ஒரு காதை மடக்கி, மற்றதை மடக்கி, மறுபடி விரித்து, மறுபடி மடக்கி. "ஊர்ல என்ன வேணா சொன்னேன்," என்றாள், "கோபத்துல. ஆனா இதுக்குள்ள வான்னு இருக்கும்னு நினைச்சேன் யக்கா. எனக்குப் படிக்கத்தான் வரல, அக்கா வான்னுதான் எழுதியிருப்பான்னு. இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்." தாளை ரஞ்சிதத்தின் பக்கமே தள்ளிவைத்தாள், மெதுவாக, சாப்பிட்டு முடித்த தட்டைத் தள்ளுவதுபோல. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. அறைக்குள் கம்ப்யூட்டர் திரை அணைந்துவிட்டிருந்தது, அணைந்த திரைக்குப் பின்னால் அந்த இருபத்தொன்று அப்படியேதான் இருக்கும். காப்பி போடுதேன் என்று எழுந்தாள் ரஞ்சிதம், செய்ய வேறொன்றும் இல்லாததால். அடுக்களையில் பால் பொங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். இரண்டு டம்ளர் எடுத்து வைத்தாள். மங்கைக்கு எப்போதும் சீனி இரண்டு கரண்டி தூக்கலாகப் போடவேண்டும், இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வாள், கை தானாகப் போட்டது. கரண்டி டம்ளரில் இடித்த சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"எனக்குச் சீனி வேண்டாம் யக்கா," என்றாள் மங்கை அங்கிருந்தே, சாதாரணமாக. "எழுதியிருந்தேனே."